முதலாளித்துவத்துக்கு மாற்று உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதார நீதி பற்றிப் பேச ஆரம்பித்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சில உண்மையான சந்தேகங்கள், சில கோபத்தில் எழுபவை. இரண்டுக்குமே பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து இங்கே எழுதி வைக்கிறேன். எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டே விஷயங்கள்தான்: இது யாருக்குச் சொந்தம்? முடிவெடுப்பது யார்?

முதலாளித்துவம் என்றால் வியாபாரம் செய்வதுதானே? அதில் என்ன தப்பு?

வாங்குவதும் விற்பதும் முதலாளித்துவத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் மூத்தவை. சந்தை இருந்தால் மட்டும் அது முதலாளித்துவம் ஆகிவிடாது. முதலாளித்துவத்தின் அடையாளம் வேறு. உற்பத்திக்கு வேண்டிய நிலம், இயந்திரம், பணம் எல்லாம் சிலர் கையில் இருக்கும். மற்றவர்கள் தங்கள் நேரத்தை அவர்களிடம் விற்றுத்தான் பிழைக்க முடியும். வேலையின் முடிவில் மிஞ்சும் உபரி, சொத்து வைத்திருப்பவருக்குப் போகும். அந்த உபரியை எங்கே போடுவது, எந்த ஆலையைத் திறப்பது, எதை மூடுவது என்ற முடிவும் அவருடையதுதான்.

தன் கையால் உழைத்துத் தன் கடையை நடத்துபவரை யாரும் குறை சொல்லவில்லை. ஆயிரம் பேர் முப்பது வருடம் உழைத்து வளர்த்த நிறுவனத்தை, அங்கே ஒரு நாள்கூட வேலை செய்யாத பங்குதாரர்கள் ஒரே வாக்கெடுப்பில் விற்றுவிடலாம். அந்த ஆயிரம் பேரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. என் கேள்வி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அப்படியென்றால் முதலாளிகள் எல்லாம் கெட்டவர்களா?

இல்லை. நல்ல மனதுள்ள முதலாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் போட்டியாளர் கூலியைக் குறைத்தால் இவரும் குறைக்க வேண்டிய நெருக்கடி வருகிறது. விதி அப்படி இருக்கும்போது ஒருவருடைய மனதை மட்டும் நம்பி லட்சம் பேருடைய வாழ்க்கையை ஒப்படைக்க முடியாது.

பொருளாதார நீதி என்றால் எல்லோருக்கும் ஒரே சம்பளமா?

அப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் அறிந்த, தொழிலாளர்களே சொந்தமாக நடத்தும் கூட்டுறவுகளில் பெரும்பாலானவை சம்பள வேறுபாட்டை ஏற்றுக்கொள்கின்றன. அந்த வேறுபாடு எவ்வளவு வரை போகலாம் என்பதை எல்லோரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீதி என்று நான் சொல்வது இதை: நோய் வந்தால் மருத்துவம், தலைக்கு மேல் கூரை, வயதானால் ஆதரவு ஆகியவை ஒருவருடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்து இருக்கக் கூடாது. தன் உழைப்பு எப்படிப் பயன்படுகிறது என்பதில் உழைப்பவருக்குக் குரல் வேண்டும். யாரும் உருவாக்காத நிலத்திலிருந்தும், தலைமுறைகள் சேர்ந்து உருவாக்கிய அறிவிலிருந்தும் வரும் வருமானம் சிலருடைய பையில் மட்டும் போய் விழக் கூடாது.

சோவியத் ஒன்றியத்தில் செய்து பார்த்தாயிற்றே, தோற்றுத்தானே போனது?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிப்பவர்களை நான் நம்புவதில்லை. நேராகவே பார்ப்போம்.

1921இல் தொடங்கிய கோஸ்பிளான் என்ற திட்டக் குழுதான் பிற்பாடு முழுப் பொருளாதாரத்துக்கும் திட்டம் தீட்டியது. எழுத்தறிவு வேகமாக உயர்ந்தது, கனரகத் தொழில்கள் எழுந்தன. அதே ஆட்சியில்தான் விவசாயிகளிடமிருந்து தானியம் பலவந்தமாகப் பறிக்கப்பட்டு, 1932-33 பஞ்சத்தில் பல பத்து லட்சம் மக்கள் செத்தார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது.

அதன் உள்ளே என்ன கோளாறு இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது 1962 ஜூன் மாதம் நோவோசெர்காஸ்க் நகரில் நடந்த சம்பவம். இறைச்சி, வெண்ணெய் விலையை அரசு உயர்த்தியது. அதே சமயத்தில் அங்கிருந்த ரயில் எஞ்சின் ஆலையில் தொழிலாளர்களின் கூலி விகிதமும் குறைக்கப்பட்டிருந்தது. அவர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் போனார்கள். ராணுவம் சுட்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. பல ஆண்டுகள் வரை இந்தச் செய்தி வெளியே வராமல் மூடி வைக்கப்பட்டது.

"தொழிலாளர்களின் அரசு" என்று பெயர் வைத்துக்கொண்ட நாட்டில், தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமைகூட இல்லை. ஆலை காகிதத்தில் மக்களுக்குச் சொந்தம். முடிவு மட்டும் மேலிருந்து வந்தது. சொத்து அரசின் பெயருக்கு மாறிவிட்டால் நீதி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. மாற்று தேடும் ஒவ்வொருவரும் இந்தப் பாடத்தைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

சரி, சந்தை வேண்டுமா, வேண்டாமா?

இதில் மாற்று தேடுபவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. மையத் திட்டக்காரரால் லட்சக்கணக்கான பொருட்களுக்குச் சரியான விலையைக் கணக்கிடவே முடியாது என்று 1920இல் லுட்விக் ஃபான் மீசஸ் என்ற பொருளாதார அறிஞர் வாதிட்டார். அறிவு சிறு சிறு துண்டுகளாக மக்களிடம் சிதறிக் கிடக்கிறது, விலைதான் அதை ஒன்று சேர்க்கிறது என்று பிறகு இன்னொரு பொருளாதார அறிஞரான ஹாயெக் சொன்னார். அவர்களுடைய அரசியல் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இந்த வாதத்தில் கனம் இருக்கிறது. எந்தச் செருப்பு, எந்த நிறம், எத்தனை ஜோடி என்பதைத் தலைநகரில் ஒரு குழு உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை.

ஆனால் விலை சொல்லும் சேதியில் ஒரு பெரிய ஓட்டை. கையில் காசு உள்ளவரின் தேவை மட்டும்தான் அதன் காதில் விழும். இன்சுலின் இல்லாமல் தவிக்கும் ஏழையின் தேவை சந்தைக்குத் தெரியவே தெரியாது. அதனால் நான் இப்படிப் பிரிப்பேன்: மருத்துவம், கல்வி, தண்ணீர், குடியிருப்பு ஆகியவற்றைச் சந்தையின் பிடியிலிருந்து முடிந்த வரை வெளியே எடுக்க வேண்டும். மற்றதில் சந்தை இருக்கட்டும், ஆனால் அதில் விற்கும் நிறுவனங்களின் உள்ளே ஜனநாயகம் வேண்டும்.

யூகோஸ்லாவியா 1950இல் சட்டம் போட்டு, ஆலைகளைத் தொழிலாளர் சபைகளின் நிர்வாகத்தில் விட்டது. சந்தையும் இருந்தது. ஒரே கட்சியின் ஆட்சி என்பதால் அந்தச் சபைகளின் சுதந்திரத்துக்கு எல்லை போடப்பட்டது. வேலையின்மை, பகுதிகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வு, 1980களில் வெளிநாட்டுக் கடன் என்று அது திணறியது. சிலியில் சோஷலிச அதிபர் அயெந்தே ஆட்சியின்போது சைபர்சின் என்ற பெயரில், தட்டச்சு செய்த செய்தியைத் தொலைவுக்கு அனுப்பும் டெலக்ஸ் இயந்திரங்களைக் கொண்டு ஆலைகளை இணைத்துத் திட்டமிட முயன்றார்கள். 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எங்கே என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்துப் பொருட்களை அனுப்ப அந்த இணைப்பு உதவியது. 1973 ராணுவக் கவிழ்ப்போடு அதுவும் முடிந்தது. பலித்திருக்குமா என்பதை அறிய யாருக்கும் வாய்ப்பு கொடுக்கப்படவில்லை.

தொழிலாளர்களே ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா? யாராவது தலைமை வேண்டாமா?

முடியும், தலைமையும் உண்டு. அந்தத் தலைமையை யார் நியமிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மோன்ட்ராகன் என்ற சிற்றூர். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அங்கே வந்த ஹோசே மரியா அரிஸ்மென்டியாரியெட்டா என்ற இளம் பாதிரியார் 1943இல் ஒரு தொழிற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதில் படித்த ஐந்து பேர் 1956இல் உல்கோர் என்ற சிறு பட்டறையை ஆரம்பித்து மண்ணெண்ணெய் அடுப்பு செய்தார்கள். இன்று அது ஏறக்குறைய 80 கூட்டுறவுகளும் 70,000 தொழிலாளர்களும் கொண்ட குழுமம். இயந்திரக் கருவிகள், வாகன உதிரி பாகங்கள், பேரங்காடிகள், சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் எல்லாம் அதில் உண்டு.

அது நடக்கும் விதம் இப்படி. சேரும்போது உறுப்பினர் ஒரு தொகையை மூலதனமாகப் போட வேண்டும். மொத்தமாக இல்லாதவர்கள் சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டலாம். எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். பொதுக்குழு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். நிர்வாகக் குழு மேலாளரை நியமிக்கும், தேவைப்பட்டால் நீக்கும். லாபத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாத பொதுச் சேமிப்புக்குப் போகும், ஒரு பங்கு கல்விக்கும் சமூகப் பணிக்கும் போகும், மீதி உறுப்பினர்களின் தனிக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கிலிருப்பதை ஓய்வு பெறும்போதோ விலகும்போதோதான் எடுக்க முடியும். அதுவரை அந்தப் பணம் நிறுவனத்துக்கு உழைக்கும். மேல்மட்டச் சம்பளம் கீழ்மட்டச் சம்பளத்தைப் போல ஆறு மடங்கு என்ற அளவை ஒட்டியே இருக்கும். சாதாரணப் பெரிய கம்பெனிகளில் இது நூறு மடங்கையும் தாண்டிப் போவதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

அங்கே இன்னொரு புத்திசாலித்தனமும் இருந்தது. 1959இலேயே தங்களுக்கென ஒரு வங்கியைத் தொடங்கிவிட்டார்கள். ஊர் மக்களின் சேமிப்பு புதிய கூட்டுறவுகளுக்குக் கடனாகப் போனது. அந்த வங்கி இல்லையென்றால் ஐந்து பேரின் பட்டறை, பட்டறையாகவே நின்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

குறையும் இருக்கிறது. குழுமத்தின் வெளிநாட்டுக் கிளைகளில் வேலை செய்யும் பலர் உறுப்பினர்கள் கிடையாது, வெறும் கூலிக்காரர்கள். வாக்கு இல்லாதவர்களின் உழைப்பில் வாக்கு உள்ளவர்கள் லாபம் பார்த்தால் அது எதைப் போலிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. 2013இல் வீட்டுச் சாதனங்கள் செய்த ஃபாகோர் கூட்டுறவு திவாலானது. உல்கோர் என்று தொடங்கிய அதே நிறுவனம்தான் அது. பாஸ்க் பகுதியில் இருந்த உறுப்பினர்களில் பலரை மற்ற கூட்டுறவுகள் வேலைக்கு எடுத்துக்கொண்டன. ஆனால் போலந்து போன்ற இடங்களில் அதன் கிளை ஆலைகளில் இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே நிகழ்வில் இந்த முறையின் பலத்தையும் அதன் கறையையும் பார்த்துவிடலாம்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எங்கும் கூட்டுறவாகவே இல்லை?

"தொழிலாளிக்கு நிர்வாகம் தெரியாது" என்பதுதான் வழக்கமான பதில். அது பொய். கேரளத்தில் 1925இல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் கூட்டுறவு இன்று ஆயிரக்கணக்கானோரோடு பெரிய சாலைகளையும் பாலங்களையும் கட்டுகிறது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. அது மூலதனம்.

வெளியாளிடம் பணம் வாங்கினால் அவர் வாக்குரிமை கேட்பார். கொடுத்தால் அது கூட்டுறவாக இருக்காது. வங்கிக்குப் போனால் சொத்து எங்கே என்று கேட்பார்கள். உழைப்பவர்களிடம் சொத்து இல்லை என்பதால்தானே கூட்டுறவையே தொடங்குகிறார்கள்? அப்புறம், வெற்றி பெற்ற கூட்டுறவுக்கு வரும் ஆபத்து ஒன்று. லாபம் கூடியதும் புதியவர்களை உறுப்பினராக்காமல் கூலிக்கு வைத்துக்கொள்ளும் ஆசை வரும். நல்ல விலை கிடைத்தால் மொத்தமாக விற்றுவிடும் ஆசையும் வரும்.

மூலதனத் தட்டுப்பாட்டையும், சேர்த்ததை விற்றுப் பங்கு போடும் ஆசையையும் இத்தாலி சட்டத்தால் எதிர்கொண்டது. 1985இல் வந்த மார்கோரா சட்டத்தால், மூடப்படும் கம்பெனியை அங்கே வேலை செய்தவர்களே வாங்க முடிகிறது. தங்களுக்கு வர வேண்டிய வேலையிழப்பு உதவித்தொகையை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்று மூலதனமாகப் போடலாம், அரசு நிதியும் கூடச் சேரும். 1992இலிருந்து ஒவ்வொரு கூட்டுறவும் தன் லாபத்தில் 3 சதவீதத்தைப் புதிய கூட்டுறவுகளை வளர்க்கும் பொது நிதிக்குக் கொடுக்க வேண்டும். பிரிக்க முடியாத சேமிப்பை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளவும் வழியில்லை. முந்தைய தலைமுறை சேர்த்ததை இந்தத் தலைமுறை விழுங்க முடியாது. எமிலியா-ரொமாஞா பகுதியில் கூட்டுறவுகள் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கு இப்படிப்பட்ட விதிகளும் நீண்ட பழக்கமும் காரணம்.

அர்ஜென்டினாவில் சட்டம் வரும் வரை காத்திருக்க முடியவில்லை. 2001 நெருக்கடியில் முதலாளிகள் ஆலைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். தொழிலாளர்கள் உள்ளே புகுந்து இயந்திரங்களை ஓட்டினார்கள். நெயுகென் மாகாணத்தில் சனோன் என்ற தரை ஓடு ஆலையை எடுத்தவர்கள் அதற்கு "முதலாளி இல்லாத ஆலை" என்ற பொருளில் ஃபசின்பாட் என்று பெயர் வைத்தார்கள். வெளியேற்றும் உத்தரவுகள் வந்தபோது ஊர் மக்கள் வாசலில் வந்து நின்றார்கள். 2009இல் மாகாண சட்டமன்றமே ஆலையைக் கையகப்படுத்தி அவர்களிடம் கொடுக்க வாக்களித்தது.

பணக்காரர்களுக்கு வரி போட்டு ஏழைகளுக்குக் கொடுத்தால் போதாதா?

வரி கட்டாயம் வேண்டும். ஆனால் சொத்து இருக்கும் இடத்தில் அப்படியே இருக்க, ஒவ்வொரு வருடமும் அதன் பலனில் கொஞ்சத்தை எடுத்துப் பகிர்வது ஓயாத போராட்டம். ஒரு தேர்தலில் தோற்றால் போதும், எல்லாம் திரும்பிவிடும்.

இதை ஸ்வீடன் தொழிற்சங்கத்தினர் நன்றாக உணர்ந்தார்கள். பொருளாதார நிபுணர் ரூடோல்ஃப் மெய்ட்னர் ஒரு திட்டம் எழுதினார். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு வருடமும் தங்கள் லாபத்தில் 20 சதவீதத்துக்குப் புதிய பங்குகளை வெளியிட்டு, தொழிலாளர்களின் கூட்டு நிதிக்குக் கொடுக்க வேண்டும். பணம் கம்பெனியை விட்டுப் போகாது, உரிமை மட்டும் மெல்ல மெல்லக் கைமாறும். இருபது, முப்பது ஆண்டுகளில் பெரும்பான்மைப் பங்கு உழைப்பவர்களிடம் வந்திருக்கும். 1976இல் எல்.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பு இதை ஏற்றது. முதலாளிகள் பதறிப் போனார்கள். 1983இல் ஸ்டாக்ஹோமில் அவர்கள் பெரும் ஊர்வலமே நடத்தினார்கள். கடைசியில் சட்டமாக வந்தது நீர்த்துப்போன ஒரு வடிவம். 1990களின் தொடக்கத்தில் வந்த வலதுசாரி அரசு அதையும் கலைத்துவிட்டது.

அந்தத் தோல்வி எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் அந்த யோசனையின் எளிமை இன்னும் அப்படியே இருக்கிறது: ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், ஒரு ஆலையையும் மூடாமல், சொத்துரிமையை மாற்ற முடியும். எதிர்த்தவர்கள் அது நடக்காது என்று பயப்படவில்லை. நடந்துவிடும் என்று பயந்தார்கள்.

எல்லோருக்கும் அடிப்படை வருமானம் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். அலாஸ்காவில் எண்ணெய் வருமானத்திலிருந்து 1976இல் ஒரு நிரந்தர நிதி உருவாக்கினார்கள். 1982இலிருந்து அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட, வருடா வருடம் அதிலிருந்து பங்கு போகிறது. ஃபின்லாந்தில் 2017, 2018 இரண்டு ஆண்டுகள் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ நிபந்தனை இல்லாமல் கொடுத்தார்கள். சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற பயம் பலிக்கவில்லை. வேலைக்குப் போனது சற்றுக் கூடியது, மன உளைச்சல் குறைந்தது.

மோசமான வேலையை "வேண்டாம்" என்று சொல்லும் தைரியத்தை அந்தப் பணம் கொடுக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் வீடுகள் சிலர் கையிலேயே இருந்தால், கையில் வந்த பணம் வாடகையாக அவர்களிடமே போய்ச் சேரும்.

அப்படியானால் நிலத்தையும் வீட்டையும் என்ன செய்வது?

இரண்டு வழிகள் எனக்குப் பிடித்தமானவை.

ஒன்று வியன்னா. முதல் உலகப் போருக்குப் பிறகு நகராட்சியைப் பிடித்த சமூக ஜனநாயகவாதிகள், 1923இல் வீட்டுக் கட்டுமானத்துக்கென்றே ஒரு வரி போட்டார்கள். ஆடம்பர மாளிகைக்காரர்கள் பல மடங்கு கட்ட, சாதாரணக் குடியிருப்புக்காரர்கள் மிகக் கொஞ்சம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் 1934 வரை 60,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. வெறும் புறாக்கூண்டுகள் கட்டவில்லை. சலவைக்கூடம், நூலகம், குழந்தைகள் காப்பகம், மரங்கள் நிறைந்த முற்றம் எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். இன்றும் அந்த நகரத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ லாப வரம்புள்ள சங்கங்களின் வீடுகளிலோ வாழ்கிறார்கள். நடுத்தர வர்க்கமும் அங்கேயே இருப்பதால் அந்த வீடுகளைக் கேவலமாகப் பார்க்கும் பழக்கம் வளரவில்லை.

இன்னொன்று சமூக நில அறக்கட்டளை. இதன் கதை அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1969இல் தொடங்குகிறது. வாக்குரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்பட்ட கறுப்பின விவசாயிகளுக்கு, யாரும் துரத்த முடியாத நிலம் தேவைப்பட்டது. நியூ கம்யூனிட்டீஸ் என்ற பெயரில் 5,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். நிலத்தைக் கிராமத்துக்கே பொதுவாக்கிய வினோபா பாவேயின் கிராமதான இயக்கமும் அவர்களுக்கு முன்மாதிரிகளில் ஒன்று. வறட்சி வந்தபோது வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை. 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. கறுப்பின விவசாயிகள் அரசின் மீது தொடுத்த பாகுபாட்டு வழக்கின் வழியாக 2009இல் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. அவர்கள் மீண்டும் நிலம் வாங்கினார்கள்.

அவர்கள் விதைத்த யோசனை வேறு இடங்களில் காய்த்தது. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் 1984இல் தொடங்கிய அறக்கட்டளையில், வீட்டை மட்டும் குடும்பம் வாங்கும், மண் அறக்கட்டளையிடமே இருக்கும். விற்கும்போது போட்ட பணத்தோடு, விலை ஏற்றத்தில் கால் பங்கு குடும்பத்துக்குக் கிடைக்கும். மீதி வீட்டிலேயே தங்கிவிடுவதால் அடுத்து வருபவரும் மலிவாக வாங்க முடிகிறது.

பொதுவில் இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், எல்லாம் பாழாகிவிடும் என்கிறார்களே?

1968இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதிய கட்டுரை இந்த எண்ணத்தைப் பரப்பியது. பொது மேய்ச்சல் நிலம் இருந்தால் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், கடைசியில் புல் ஒழிந்துபோகும் என்றார். உண்மையான மேய்ச்சல் நிலங்களில் என்ன நடந்தது என்று அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் தேடிப் பார்த்தார். ஸ்விட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது: குளிர்காலத்தில் உன்னால் தீனி போட முடிந்த மாடுகளை மட்டும்தான் கோடையில் பொது மலைக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம். பல நூற்றாண்டுகளாக அந்தப் புல்வெளி அழியவில்லை. ஸ்பெயினின் வலென்சியாவில் பாசன விவசாயிகளே தேர்ந்தெடுத்த தண்ணீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமைகளில் பேராலய வாசலில் கூடி வழக்குகளைத் தீர்க்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்காக ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஹார்டின் வர்ணித்தது கேட்பாரற்ற நிலத்தை. பொதுநிலத்துக்கு ஆள் உண்டு, எல்லை உண்டு, விதி உண்டு, அந்த விதியை மாற்றும் உரிமை பயன்படுத்துபவர்களுக்கே உண்டு.

சம்பளமே இல்லாத வீட்டு வேலை இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

பல மாற்றுத் திட்டங்களில் வருவதே இல்லை. அதை ஒரு பெரிய குறையாகவே நினைக்கிறேன். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் சுமார் 90 சதவீதப் பெண்கள் ஒரு நாள் எந்த வேலையும் செய்யவில்லை. அலுவலகத்திலும் செய்யவில்லை, வீட்டிலும் செய்யவில்லை. நாடே நின்றுபோனது. அப்பாக்கள் குழந்தைகளை வேலை இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்தக் கணக்கிலும் வராத உழைப்பின் மீதுதான் கணக்கில் வரும் எல்லாமே நிற்கிறது என்பது அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

அகமதாபாத்தில் 1972இல் உருவான சேவா என்ற அமைப்பு, முதலாளி என்று யாரும் இல்லாத பெண்களை, அதாவது தெருவில் விற்பவர்கள், சுமை தூக்குபவர்கள், வீட்டிலிருந்தே தைப்பவர்கள் ஆகியோரைத் தொழிற்சங்கமாக்கியது. அவர்களுக்கு எந்த வங்கியும் கடன் தராததால், 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். எழுதத் தெரியாதவர்கள் பலர். புகைப்படத்தை வைத்துக் கணக்கு அட்டை செய்துகொண்டார்கள்.

ஒரு கூட்டுறவில் சேரப் போகிறவர்கள், மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் யாரால் வர முடியாமல் போகும் என்று பாருங்கள். வாக்குரிமை இருந்தும் குரல் இல்லாமல் போவது அங்கேதான்.

அரசின் பட்ஜெட்டை மக்களே முடிவு செய்த இடம் உண்டா?

உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கியது. பகுதிவாரியாக மக்கள் கூடி, சாக்கடை முதலில் வேண்டுமா, பள்ளி முதலில் வேண்டுமா என்று வரிசைப்படுத்தினார்கள். வசதி குறைந்த பகுதிகளுக்கு நிதியில் கூடுதல் எடை கொடுக்கும் சூத்திரம் ஒன்றும் இருந்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நகரங்கள் இதைப் பின்பற்றின. ஆனால் பல இடங்களில் மொத்த பட்ஜெட்டில் ஒரு துளியை மட்டும் மக்களிடம் கொடுத்துவிட்டுப் பெயர் வாங்கிக்கொள்கிறார்கள். போர்ட்டோ அலெக்ரேயிலேயே ஆட்சி மாறிய பிறகு அது தேய்ந்துபோனது.

நான் சாதாரண ஆள். என்னால் என்ன செய்ய முடியும்?

வேலை செய்யும் இடத்தில் தொழிற்சங்கம் இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் உடன் வேலை செய்யும் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். சேமிப்பைக் கடன் கூட்டுறவில் வைக்க முடியுமா என்று விசாரியுங்கள். ஏற்கெனவே ஏதாவது கூட்டுறவில் உறுப்பினர் என்றால் ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் போங்கள்.

கடைசியாகச் சொன்னதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் உறுப்பினராக இருந்த ஒரு கடன் கூட்டுறவில் பல வருடங்கள் நான் கூட்டத்துக்கே போனதில்லை. கடைசியில் போனபோது, நூற்றுக்கணக்கான உறுப்பினர்களில் பத்துப் பதினைந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு வாசிக்கப்பட்டது, கை தூக்கினார்கள், இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரே குடும்பத்தினர் திரும்பத் திரும்ப நிர்வாகத்தில் இருந்ததும், கடன் யார் யாருக்குப் போனது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்று என்னுடையது.

அடுத்த முறை போகும்போது துணைவிதிகளின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். புதிய உறுப்பினரைச் சேர்க்க என்ன நிபந்தனை, பொதுச் சேமிப்பைப் பிரிக்க முடியுமா, நிர்வாகக் குழுவில் ஒருவர் தொடர்ந்து எத்தனை முறை இருக்கலாம், அங்கே வேலை செய்பவர்களுக்கு வாக்கு உண்டா என்று பாருங்கள். பதில் பிடிக்கவில்லையென்றால், விதியைத் திருத்த எத்தனை உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும் என்பதும் அதே துணைவிதியில்தான் எழுதியிருக்கும்.